இரண்டாவது தியேட்டர்

அத்தியாயம் 4

துப்பறிவாளர் ஹாலிதா வாட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, ஒரு நோயாளிக்குப் போய்க்கொண்டிருந்த தேநீரை வழிமறித்துத் தானே குடித்ததுதான்.

தாதி இராசேஸ்வரி வெறும் தட்டோடு திகைத்து நின்றார்.

"சீனி இல்லை," என்றாள் ஹாலிதா, உதட்டைத் துடைத்துக்கொண்டு.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்களே பொஸ். எதுக்குங்க வழிப்பறி?" என்றான் பின்னால் வந்த வீரையா. அவன் ஹாலிதாவின் உதவியாளன். அவளை ஏற்றிக்கொண்டு திரியும் சிவப்பு ஓட்டோவின் சொந்தக்காரன். வவுனியாவில் எந்தக் குற்றவாளியையும் விட வேகமாக ஓடக்கூடியது அவன் வாய்தான்.

"இது தேத்தண்ணி இல்லை, வீரையா. தடயம்."

"தடயத்தைக் குடிச்சிட்டா கோர்ட்டுல எதைங்க காட்டுறது? ஏப்பத்தையா?"

அந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. பச்சை அங்கியும் தலையில் தொப்பியுமாக டொக்டர் கமலேஸ்வரி வந்து நின்றார். அந்த வைத்தியசாலையின் ஒரே சத்திரசிகிச்சை நிபுணர் அவர்தான்.

"வந்திட்டுதோ? இண்டைக்கும் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது டொக்டர்," என்று இராசேஸ்வரி வாட்டின் கைத்தொலைபேசியை, செத்த எலியைப் பிடித்திருப்பவர்போல இரண்டு விரலால் நீட்டினார்.

ஹாலிதா வாங்கிப் படித்தாள். ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ். அனுப்பியவர் என்ற இடத்தில் 'தியேட்டர்' என்று இருந்தது. செய்தி இதுதான்:

'சிவலட்சுமிக்கு இன்று ஒப்பரேஷன் இல்லை. சீனி போடாமல் பிளேன்டி கொடுக்கவும். டொக்டர் தர்ஷன் நாலு மணிக்குப் பிறகு வந்து திரும்பவும் சோதிக்கவும்.'

"நான் அனுப்பேல்லை," என்றார் கமலேஸ்வரி. "தியேட்டரில ஒருத்தரும் அனுப்பேல்லை. இதோட நாலாவது தரம்!"

வவுனியா நகரைத் தாண்டி ஹொறவப்பொத்தானை வீதியில் சற்றுத் தூரம் போனால், தேக்கமரங்களுக்கு நடுவே நிற்பது நல்மனம் வைத்தியசாலை. ஒரே ஒரு சத்திரசிகிச்சைக்கூடம், அதைத்தான் எல்லோரும் தியேட்டர் என்பார்கள். ஒரே ஒரு வாட்டு. நடுவே திரை, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். கமலேஸ்வரி அங்கே வந்த புதிதில் தியேட்டரில் ஓயாமல் வேலை செய்தது மின்விசிறி மட்டும்தான். ஒருவருக்குத் தையல் போட்டு முடிந்த பிறகுதான் அடுத்தவரை அழைக்க ஆள் ஓடும். ஓடிய ஆள் வழியில் யாருடனாவது கதைத்துக்கொண்டு நிற்கும். நோயாளி வந்து சேர்ந்தால் மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர் இருக்கமாட்டார். அவர் வந்தால் கருவிகள் வந்திராது. பட்டினியோடு காத்திருந்தவர்கள் பின்னேரம் "நாளைக்கு வாங்கோ" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடுவதற்குள் பஸ் பிடிக்க ஓடுவார்கள்.

கமலேஸ்வரி கைத்தொலைபேசிகளை வாங்கிக் கொடுத்தார். தியேட்டருக்கு, வாட்டுக்கு, மயக்கமருந்து டொக்டர் தர்ஷனுக்கு, கருவிகள் அவிக்கும் அறைக்கு. மேசையில் கிடப்பவருக்குக் கடைசித் தையல் தொடங்கும்போதே தியேட்டரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி பறக்கும்: 'அடுத்தவர்.' எல்லா மூலைகளிலும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். மேசையைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த நோயாளி வாசலில், டொக்டர் பக்கத்தில், கருவிகள் தட்டில். 2005-இல் வவுனியாவில் அது மந்திரம் மாதிரி இருந்தது. பட்டியலில் பெயர் இருந்த எவரும் பட்டினியோடு வீடு திரும்பவில்லை.

அந்த மந்திரத்துக்குத்தான் யாரோ கண்ணூறு போட்டிருந்தார்கள்.

சிவலட்சுமி பரந்தன் சந்தியில் பலசரக்குக்கடை வைத்திருப்பவர். பித்தப்பையில் கல். அவரை மேசைக்குக் கொண்டுபோகவேண்டிய நாளிலெல்லாம் இந்தச் செய்தி வந்தது. வாட்டும் நம்பித் தேநீர் கொடுத்தது. வயிற்றில் தேநீரோடு மயக்கமருந்து கொடுக்க முடியாது. பட்டினியோடு காத்திருந்த அடுத்த நோயாளிக்கோ கருவிகள் ஆயத்தமாக இல்லை. மேசை வெறுமையாகக் கிடக்க, தியேட்டரும் வாட்டும் ஒன்றையொன்று பொய்யர் என்று திட்டிக்கொண்டன.

"நிர்வாகக்குழு இந்தக் கிழமையே ஃபோன் எல்லாத்தையும் பறிக்கப் போகுதாம்," என்றார் கமலேஸ்வரி. "பழையபடி ஆளை ஓடவிடச் சொல்லுகினம். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேற. அந்த அம்மாவுக்கு விடியக் காய்ச்சல் தொடங்கியிட்டுது. இன்னும் தள்ளிப்போட்டா பித்தப்பை உள்ளுக்கை பழுத்திடும்."

"அப்ப இப்பவே எடுங்கோவன்? தேத்தண்ணியைத்தான் நான் குடிச்சிட்டன்."

"ஆரோ அவவின்ர ஒப்பரேஷனைக் குழப்பிக்கொண்டு திரியினம். விடியவே வேற ஏதும் குடிக்கக் குடுத்திட்டினமோ தெரியாது. ஆள் ஆரெண்டு தெரியாமல் நான் மயக்கமருந்து குடுக்க விடமாட்டன். நீங்கள் நேற்றுச் சொன்னபடி அடுத்த நோயாளி நஜீமை ஆயத்தமா வைச்சிருக்கிறம். அவரை இப்ப எடுக்கிறன். அவர் முடிஞ்சு வெளியில வருமட்டும் உங்களுக்கு நேரம்."

"ஐமிச்சம் எண்டால் எனக்கு அந்த நஜீமிலதான்," என்று இராசேஸ்வரி குரலைத் தாழ்த்தினார். "அவவுக்கு இல்லையெண்டால் அடுத்த முறை அவருக்குத்தானே?"

"எனக்குக் கேக்குது மிஸ்ஸி!" என்று திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "நான் முல்லைத்தீவில கருவாடு விக்கிறவன், காது செவிடில்லை! என்னை ரெண்டு தரம் திருப்பி அனுப்பினீங்க. ஊருல நோன்பு முடிஞ்சு பெருநாளும் போயிட்டுது. இந்த ஆஸ்பத்திரியில மட்டும் எனக்கு இன்னும் தலைப்பிறை தெரியல்ல!"

"இந்தா தெரிஞ்சிட்டுது, நஜீம் நானா," என்றாள் ஹாலிதா. தள்ளுவண்டி திரைக்குள் போய், நஜீமை ஏற்றிக்கொண்டு வந்தது. குடலிறக்க நோயாளி ஒருவர் இவ்வளவு சந்தோசமாகக் கையசைத்துக்கொண்டு போனதை வீரையா அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவர் இல்லைங்க பொஸ்," என்றான். "அந்தம்மா ஒப்பரேஷன் நின்னதுல அவரும் ரெண்டு தரம் பட்டினி. தன் வயித்துல தானே அடிச்சுக்கிற திருடன் உண்டா?"

 வாட்டின் தொலைபேசியில் பெயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்த ஹாலிதா சட்டென்று நிறுத்தினாள்.

"மிஸ்ஸி, இந்த ஆஸ்பத்திரியில எத்தினை தியேட்டர் இருக்கு?"

"ஒண்டுதான்."

"உங்கட ஃபோனுக்குள்ள ரெண்டாவது ஒண்டு கட்டியிருக்கிறாங்களே!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். 'தியேட்டர்' என்று ஒரு பெயர். அதற்கு அடுத்த வரியில் மறுபடியும் 'தியேட்டர்'. இரண்டாவதற்குப் பின்னால் மட்டும் கடுகளவில் ஒரு புள்ளி. இலக்கமும் வேறு.

"அடங்கொப்பன் மவனே!" என்றான் வீரையா. "ஒரு புள்ளியை வச்சு ஒரு கட்டடமே கட்டிட்டான்!"

"ஆரோ தன்ர நம்பரை இதுக்குள்ள தியேட்டர் எண்டு பதிஞ்சிருக்கிறாங்க. பிறகு எங்க இருந்து மெசேஜ் அனுப்பினாலும் இஞ்ச தியேட்டர் எண்டுதான் விழும்." ஹாலிதா தொலைபேசியைக் கையில் தட்டினாள். "எண்டா, இந்த ஃபோன் ஒரு தரமாவது அந்த ஆளின்ர கையில இருந்திருக்கு. வெளி ஆள் இல்லை. இந்த வாட்டுக்குள்ள வந்து போற ஆள். அதோட, இரக்கமான ஆள்."

"இரக்கமா?" என்றார் கமலேஸ்வரி.

"சிவலட்சுமி அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்குதா?"

"ஓம். ஏன்?"

"ஒப்பரேஷனைக் கெடுக்க வந்த எதிரி சீனியைப் பத்திக் கவலைப்படுவானா? வாளியோட பால்தேத்தண்ணி குடுக்கச் சொல்லியிருப்பான். இவங்க கெடுதல் செய்யிறதைக் கூடச் சீனி பாத்துத்தான் செய்யிறாங்க."

கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைத்துக்கொண்டு தியேட்டரை நோக்கி நடந்தார். "அவவுக்கு ஒருத்தரும் ஒரு சொட்டும் குடுக்கப்படாது!" என்று இராசேஸ்வரிக்குக் கட்டளை மட்டும் பின்னால் பறந்து வந்தது.

புள்ளி வைத்த இலக்கத்துக்கு ஹாலிதா வாட்டுக்கு வெளியே வந்து அழைத்துப் பார்த்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"ஓட்டோவை எடுங்கோ, வீரையா."

"எங்கங்க?"

"றிஸ்கானிட்ட. இந்த ஆஸ்பத்திரிக்கு வாறவங்க சிம் வாங்கிறதெண்டா முதல்ல கண்ணில படுறது அவன்ட கடைதான்."

ஓட்டோ புறப்பட்டது. புறப்பட்டது என்று சொல்வது மரியாதைக்காக, அது பாய்ந்தது. ஒரு மாடு, இரண்டு சைக்கிள்கள், வாழைக்குலை ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டன.

"பிரேக்கைப் பிடிங்கோ!"

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் பொஸ். அதுதான் என்னையக் கண்டுக்க மாட்டேங்குது!"

றிஸ்கான் கொமியூனிகேஷன் என்ற பலகைக்குக் கீழே ஓட்டோ ஒருவழியாக நின்றது. றிஸ்கான் இலக்கத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்தான்.

"இந்த நம்பரையா? சாகுமட்டும் மறக்கேலாது ராத்தா! கடையில இருந்த சிம் எல்லாத்தையும் மேசையில கொட்டவைச்சு, ஒவ்வொண்டா வாயால கூட்டிப்பாத்து, ஒன்பது வந்தாத்தான் எடுப்பன் எண்டு நிண்டா. மற்ற ஆக்கள் எல்லாம் பின்னால வரிசையில நிக்கிறாங்க!"

"நிண்டா எண்டா, ஆரு?"

"சுரேகா டீச்சர். என்ட தங்கச்சிக்கும் அவாதான் கணக்கு. சந்தியில டியூட்டரி இருக்கே, அங்கதான் படிப்பிக்கிறா. அவாட உம்மா... அம்மாதான் ஆஸ்பத்திரியில இருக்கிறாவே, சிவலட்சுமி எண்டு."

ஹாலிதாவும் வீரையாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மகளா?" என்றான் வீரையா, ஓட்டோவை உதைத்துக் கிளப்பியபடி. "பெத்த தாய் வயித்துல இருக்கிற கல்லை எடுக்கவிடாம மகளே தடுக்குதா? கல்லுலயும் ஏதும் கணக்கு வச்சிருக்குமோ?"

டியூட்டரி என்பது தகரக் கூரையும் கிடுகு அடைப்பும். உள்ளே விடுமுறைக்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையின் முன் நின்ற சுரேகா, வாசலில் இருவரைக் கண்டதும் வெண்கட்டியோடு ஓடிவந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு ஏதுமோ?"

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை. இந்த நம்பர் ஆரிட்ட இருக்கு, டீச்சர்?"

சுரேகா பார்த்தாள். "இது அம்மாவின்ர. வாட்டில இருந்து என்னோட கதைக்கட்டும் எண்டு நான்தான் வாங்கிக் குடுத்தனான். ஒன்பது வராட்டி அவ தொடவும் மாட்டா."

வீரையா இலக்கத்தை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். ஒன்பதுதான்.

"அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பத் தெரியுமோ?" என்றாள் ஹாலிதா.

"நான்தான் பழக்கினனான். பேர் பதியிறது, மெசேஜ் அடிக்கிறது எல்லாம் இப்ப என்னைவிட விரைவா அடிப்பா. ஏன் கேக்கிறியள்?"

ஹாலிதா நடந்ததைச் சொன்னாள். சுரேகா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பியதும் கோபம் வந்தது.

"தானே தன்ர ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுறாவோ?"

"பயம்தாங்க," என்றான் வீரையா.  "கத்தின்னா எனக்கே பயம். நான் தலைமுடி வெட்டக்கூடக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காருவேன்."

"அம்மாவுக்கோ? பயமோ?" சுரேகா இடுப்பில் கைவைத்தாள். "கடை வாசலுக்கு வந்த யானையைத் தும்புத்தடியால கலைச்சவ அவ! யானை போன பிறகு, அது தின்ற வாழைக்குலைக்கு ஆர் பொறுப்பு எண்டு பின்னால போய்ப் பேசினவ!"

ஹாலிதா நெற்றியைச் சுருக்கினாள். பயமில்லை. அப்படியானால், ஒப்பரேஷன் வேண்டாத ஒருவர் டொக்டரைத் திரும்ப வரச்சொல்லி ஏன் கேட்கிறார்? அதுவும் நாலு மணிக்குப் பிறகு?

"டீச்சர், உங்கட வகுப்பு எத்தினை மணிக்கு முடியும்?"

"நாலு மணிக்கு. முடிய நேர ஆஸ்பத்திரிக்குத்தான் போவன்."

ஹாலிதாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. வீரையாவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். அது வந்தால் ஓட்டோ மறுபடி பாயவேண்டும் என்று அர்த்தம்.

"பிள்ளையளுக்கு ஏதும் பெரிய கணக்காக் குடுத்திட்டு ஏறுங்கோ, டீச்சர்."

வாட்டில் சிவலட்சுமி முதல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தாலும் கொண்டை கலையவில்லை. பக்கத்து இரும்பு அலுமாரியின் மேல் ஒரு பிஸ்கட் டின், ஒரு சீப்பு, ஒரு சாமிப்படம். கட்டிலுக்கு அருகிலேயே இராசேஸ்வரியின் மேசை.

சுரேகாவை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ஹாலிதா கட்டிலருகே போனாள்.

"அம்மா, உங்களிட்ட ஃபோன் இருக்குதா?"

"போனா? எனக்கெதுக்கு தங்கச்சி அந்த எழவெல்லாம்?" என்றார் சிவலட்சுமி, சாமிப்படத்தைப் பார்த்தபடி. "கடையில ஒரு தராசு இருக்கு. அது போதும்."

"சரியம்மா."

ஹாலிதா இராசேஸ்வரியின் மேசையிலிருந்து வாட்டின் தொலைபேசியை எடுத்தாள். புள்ளி வைத்த தியேட்டரைத் தேர்ந்தாள். நிதானமாகத் தட்டினாள்:

'டொக்டர் தர்ஷன் இன்று மாலை வரமாட்டார். மத்தியான பஸ்ஸில் கொழும்பு போகிறார். நாளை அவருக்கு நிச்சயதார்த்தம்.'

அனுப்பினாள்.

 உடனே இரும்பு அலுமாரியின் மேல் பிஸ்கட் டின் 'ர்ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டு, தானாகவே ஒரு விரற்கடை நகர்ந்தது.

"ஆத்தாடி, பிஸ்கட்டுக்கு உசுர் வந்திருச்சு!" என்று வீரையா கட்டிலுக்குப் பின்னால் பாய்ந்தான்.

சிவலட்சுமி அசையவில்லை. டின்னைப் பார்த்தார். ஹாலிதாவைப் பார்த்தார். மறுபடி டின்னைப் பார்த்தார். கை தானாக நீண்டது, திருப்பி இழுத்துக்கொண்டார். மறுபடி நீண்டது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் மூடியைப் பிடுங்கி, தொலைபேசியை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"என்னாது? டாக்டர் தம்பிக்கு நிச்சயதார்த்தமா!"

அந்தக் கத்தலில் திரைக்கு அப்பால் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். அதே நேரம், தியேட்டர் பக்கக் கதவு திறந்து, மயக்கம் தெளிந்துகொண்டிருந்த நஜீமின் தள்ளுவண்டி உள்ளே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் டொக்டர் தர்ஷன். மெலிந்த உருவம், மூக்கில் வழுக்கும் கண்ணாடி. பின்னால் கமலேஸ்வரி.

ஹாலிதா எதிர்பார்த்திருந்தது சிவலட்சுமியின் கத்தலை மட்டும்தான். அடுத்த கத்தல் வாசலிலிருந்து வந்தது.

"நிச்சயதார்த்தமோ? ஆரோட?" சுரேகா புயலாக உள்ளே வந்தாள். நேராகத் தர்ஷனின் முன்னால் போய் நின்றாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை! நேற்றுக்கூட அரை மணித்தியாலம் கதைச்சனீங்கள்!"

"நிச்சயதார்த்தமோ? எனக்கோ?" தர்ஷன் நடுங்கிப்போனார். "சுரேகா, அம்மாவாணை, எனக்குத் தெரியாது! எனக்குத் தெரியாமல் எனக்கு எப்பிடி நடக்கும்?"

 'சுரேகா' என்று டொக்டர் சொன்ன விதத்தில் இருந்த உரிமை, காது கேட்கிற எல்லோருக்கும் கேட்டுவிட்டது. சுரேகாவுக்கும் இப்போதுதான் தான் எங்கே நின்று கத்தினோம் என்று உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹாலிதா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான் ஒரு மீனுக்குத்தான் தூண்டில் போட்டன்," என்றாள் மெதுவாக.

"மூணு மாட்டியிருக்குங்க பொஸ்," என்றான் வீரையா, கட்டிலுக்குப் பின்னாலிருந்து எழுந்து.

முதலில் பேசியவர் சிவலட்சுமி.

"புள்ள, உனக்கு இவரை முன்னாடியே தெரியுமா?"

"ஓம் அம்மா." சுரேகா தரையைப் பார்த்தாள். "போன வருசத்தில இருந்து."

"எப்பிடி?"

"இஞ்ச ஃபோன் குடுத்த முதல் நாள், இவர் வாட்டின்ர நம்பரில ஒரு இலக்கத்தைப் பிழையாப் போட்டிட்டார். மெசேஜ் எனக்கு வந்திட்டுது. 'கல்லை உடனே தியேட்டருக்குக் கொண்டு வாங்கோ' எண்டு. நான் பதில் போட்டன், 'இஞ்ச கல் இல்லை, கணக்குத்தான் இருக்கு, அனுப்பட்டோ' எண்டு."

"அண்டைக்கு நோயாளி வரேல்லையெண்டு நான் தொண்டை கிழியக் கத்தினனான்!" என்றார் கமலேஸ்வரி. "அந்தக் கல் உம்மட்டையோ வந்தது?"

தர்ஷனின் காதுகள் சிவந்தன.

"பிறகு ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றார் சிவலட்சுமி.

"நீங்க எல்லா மாப்பிள்ளையையும் வேண்டாம் எண்டியள். நான் காட்டினா இவரையும் வேண்டாம் எண்டுவியள். அதான் உங்களை இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தன். நீங்களாகவே இவரைப் பாத்து, நீங்களாகவே பிடிச்சு..."

"நான்தான் புடிச்சிட்டேனே!" சிவலட்சுமி கட்டிலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "முத நாளே புடிச்சிட்டேன்! எவ்வளவு பதமா நாடி புடிச்சாரு! ஆனா இவரு வந்து சோதிக்கிறது காலையில. நீ வர்றது நாலு மணிக்கி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்லையேன்னு எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிச்சி. ஒப்பரேஷன் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்பறம் இப்பிடி ஒருத்தரை எங்க போயித் தேடுறது? நாலு தடவை பின்னேரத்துல வந்தா நாலு தடவை ஒன்னையப் பாப்பாருல்ல?"

"அதுக்காக உங்கட உயிரோட விளையாடினனீங்களோ?" என்று கேட்டாள் சுரேகா. அவள் கண்ணில் நீர் தளும்பியது. சிரிப்பும் கூடவே வந்ததால் எது எங்கே போவதென்று அவற்றுக்கே தெரியவில்லை.

"என்ர ஃபோனை எப்ப எடுத்தனீங்கள்?" என்றார் இராசேஸ்வரி.

"நீங்கதான மிஸ்ஸி கொடுத்தீங்க? ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுக்கப் போறப்ப, 'அம்மா, ஃபோனைப் பாத்துக்கொள்ளுங்கோ'ன்னு சொல்லிட்டுப் போவீங்க. நான் பாத்துக்கிட்டேன்."

வீரையா சுவரில் சாய்ந்து குலுங்கினான். ஆனால் கமலேஸ்வரி சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்தார்.

"அம்மா, நீங்கள் தேத்தண்ணி குடிச்ச நாளெல்லாம் மேசை சும்மா கிடந்தது. அடுத்தவர் ஆயத்தமில்லை. இந்த மனிசன் ரெண்டு தரம் பட்டினியோட முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போனவர். தெரியுமோ?"

சிவலட்சுமி தள்ளுவண்டியைப் பார்த்தார். முகத்திலிருந்த வெற்றி வடிந்தது.

"தெரியாதுங்கம்மா," என்றார்.  "நான் இல்லாட்டி அடுத்த ஆளை எடுத்துக்குவாங்கன்னுதான் நெனைச்சேன். கடையில ஒருத்தர் நகந்தா அடுத்தவருக்குச் சாமான் கட்டுவோம்ல, அந்த மாதிரி. சத்தியமா ஒருத்தரையும் பட்டினி போட நெனைக்கல." நஜீமை நோக்கிக் கைகூப்பினார். "மன்னிச்சிருங்கய்யா."

நஜீம் அரைக்கண் திறந்தார். மயக்கத்தில் நாக்குக் குழறியது. "கலியாணம்... எப்ப?"

"இன்னும் நாள் பாக்கல..."

"பாருங்க. எனக்குத் தனியா ஒரு சஹன் சோறு போடணும். நிறைய இறைச்சியோட. அப்பதான் மன்னிப்பு." கண் மறுபடி மூடிக்கொண்டது.

கமலேஸ்வரியின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். "இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. விடியத்தில இருந்து ஏதும் குடிச்சனீங்களோ?"

"இல்லீங்க. மிஸ்ஸி கொடுக்கிறதை மட்டுந்தான் குடிப்பேன். இன்னைக்கி அதையும் இந்தத் தங்கச்சி குடிச்சிருச்சு."

எல்லோரும் ஹாலிதாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று தலைகுனிந்து வணங்கினாள்.

"அப்ப எடுப்பம்," என்றார் கமலேஸ்வரி. தர்ஷனைத் திரும்பிப் பார்த்தார். "உம்மால ஏலுமோ? இது உம்மட மாமி. கை நடுங்கினால் இப்பவே சொல்லும். அனுராதபுரத்தில இருந்து ஆளைக் கூப்பிட நேரம் எடுக்கும்."

தர்ஷன் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார். காதில் சிவப்பு இன்னும் போகவில்லை. ஆனால் சிவலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்த விரல்கள் அசையாமல் நின்றன. "ஏலும் டொக்டர். காய்ச்சல் கூடுறதுக்கு முதல் கொண்டுபோவம்."

தள்ளுவண்டி நகர்ந்தது. சுரேகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டே கதவு வரை ஓடினாள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "போடி, வகுப்பைப் பாதியில விட்டுட்டு வந்திருப்ப," என்றார் சிவலட்சுமி. ஆனால் கையை அவரும் விடவில்லை. கதவுதான் இருவரையும் பிரித்தது.

உள்ளே விளக்குகள் எரிந்தன. முகமூடிக்கு மேலே தெரிந்த தர்ஷனின் கண்களைச் சிவலட்சுமி கீழிருந்து உற்றுப் பார்த்தார்.

"அம்மா, இப்ப ஊசி போடுறன். ஒண்டில இருந்து எண்ணுங்கோ."

"எண்றது கெடக்கட்டும் தம்பி. ஒங்க ஊரு?"

"முரசுமோட்டை."

"ஆத்தாடி, நமக்குப் பக்கந்தானே! அப்பா?"

"வயல் செய்யிறார். எண்ணுங்கோ அம்மா."

"நம்மள மாதிரி மலையகந்தானா? எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்தவங்க?"

"பண்டாரவளைப் பக்கம். அப்பாவின்ர அப்பா காலத்தில. எண்ணுங்கோ!"

"கூடப் பொறந்தவங்க?"

"ரெண்டு தங்கச்சி. ஒரு சித்தப்பா எங்களோட இருக்கிறார்."

"அந்தச் சித்தப்பா..." என்று தொடங்கிய சிவலட்சுமியின் இமைகள் மூடிக்கொண்டன.

"மருந்து வேலை செய்யுது," என்றார் தர்ஷன், நெற்றி வியர்வையோடு. கமலேஸ்வரி கத்தியை வாங்கினார்.

வெளியே போட்டிருந்த மரவாங்கில் சுரேகாவுக்கு ஒரு பக்கம் ஹாலிதாவும் மறுபக்கம் இராசேஸ்வரியும் உட்கார்ந்திருந்தார்கள். வீரையா முதலில் ஒரு பகிடி சொன்னான். பிறகு இன்னொன்று தொடங்கி, சுரேகாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போய்க் கதவருகே நின்றுகொண்டான். காத்திருப்பது நீண்டது. பித்தப்பை வீங்கி ஒட்டியிருந்தது. கமலேஸ்வரி அவசரப்படாமல் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கதவு திறந்தபோது அவர் கையில் சின்னப் போத்தல் ஒன்று. உள்ளே புளியங்கொட்டை அளவில் கற்கள்.

"நல்ல காலம்," என்றார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பழுத்திருக்கும். இப்ப பயமில்லை."

சுரேகா அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஃபோன்களைப் பறிக்க வந்த நிர்வாகக்குழுவுக்கு அன்றே அந்தப் போத்தலைக் காட்டி நடந்தது முழுவதும் சொல்லப்பட்டது. ஃபோன்கள் தப்பின. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வாட்டின் ஃபோனை இனி நோயாளியிடம் காவலுக்கு விடக்கூடாது. இராசேஸ்வரி ஒரு பின்னூசியால் அதைத் தன் சட்டைப் பையோடு சேர்த்துக் குத்திக்கொண்டார்.

பின்னேரம், வெயில் சாயும் நேரத்தில், சிவலட்சுமியின் விரல்கள் அசைந்தன. எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்தார்கள். தர்ஷன் குனிந்து, "அம்மா, கேக்குதோ? எல்லாம் முடிஞ்சுது. எப்பிடி இருக்கு?" என்றார்.

சிவலட்சுமி கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று பார்க்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை. தர்ஷனின் முகத்தை மட்டும் கண்டுபிடித்து, அதில் பார்வையை நிறுத்தினார்.

"அந்தச் சித்தப்பா... என்னா வேலை பாக்கிறாரு?" என்றார்.